டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒற்றை வரி

ஊருக்குப் போயிருந்த நேரத்தில் என் அக்கா மகளுக்குக் குடல் அடைப்பு ஏற்பட்டு, வயிற்றைக் கிழிக்காமல் எண்டோஸ்கோபியிலேயே அது சரிசெய்யப்பட்டது. சிகிச்சையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அதன் பிறகு கையில் கொடுத்த தாளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மச்சம் என்று வீட்டில் எல்லோரும் கொஞ்சிய உதட்டுக் கரும்புள்ளிகளை டார்ச் அடித்துப் பார்த்த மருத்துவர், ஸ்கேனுக்கு முன்பே, உதட்டில் இப்படிப் புள்ளிகளையும் குடலில் பாலிப் எனப்படும் சதை வளர்ச்சிகளையும் உண்டாக்கும் பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோயாக இருக்கலாம் என்றார். சிறுகுடலில் வளர்ந்த பாலிப் ஒன்று, குடலின் ஒரு பகுதியைத் தன்னோடு இழுத்துக்கொண்டு அடுத்த பகுதிக்குள் செருகியிருந்தது. குடலின் இரத்த ஓட்டம் கெடவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியே இரட்டை பலூன் எண்டோஸ்கோப்பைச் செலுத்தினார்கள். பலூன்களை மாறி மாறி ஊதியும் சுருக்கியும், முழுக்கைச் சட்டையைச் சுருட்டி ஏற்றுவது போலச் சிறுகுடலைக் குழாயின் மேல் ஏற்றிக்கொண்டே முன்னேறும் இம்முறையை, 2001-இல் உலகுக்கு அறிவித்தவர் ஜப்பானிய மருத்துவர் ஹிரோனோரி யமமோட்டோ. செருகல் விடுபட்டதும், பாலிப்பின் காம்பில் கம்பி வளையத்தால் சுருக்கிட்டு, மின்சூட்டால் அறுத்தெடுத்தார்கள். கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசும் மருத்துவர்களையே பார்த்துப் பழகிய நான், மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்து இதையெல்லாம் அக்காவுக்கு விளக்கிய இந்த மருத்துவரைப் போல வேறெவரையும் கண்டதில்லை.

ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்ததோ, ‘பாலிப் அகற்றப்பட்டது’ என்ற ஒற்றை வரி. எந்த இடத்தில், எவ்வளவு பெரியது, எத்தனை மிச்சம் என்று ஒன்றுமில்லை. படுக்கை எண் மட்டும் இரண்டு இடங்களில் பிழையின்றி இருந்தது. கேட்டதற்கு, “எல்லோருக்கும் இப்படித்தான் சார் கொடுக்கிறோம்” என்றார்கள். பிறகு கவுண்டருக்கும் வார்டுக்குமாக நடந்த அலைச்சலை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. நான் வாழும் நாட்டில் அறிக்கை படங்களோடு தானாகவே வந்து சேரும் என்ற எரிச்சல் வேறு.

எஸ்.டி.கே.11 மரபணுக் கோளாறால் வரும் இந்நோயில் பாலிப்புகள் மறுபடியும் முளைக்கும். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டியவற்றை அடுத்த அடைப்புக்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்பதற்காகவே, வழக்கமாக 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை கேப்சூல் எண்டோஸ்கோபியோ (மாத்திரை போல விழுங்கும் கேமரா) எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ எடுக்கிறார்கள். மிச்சமிருப்பவை எங்கே என்று தெரிந்தால்தான், அடுத்த முறை குழாயை வாய் வழியே விடுவதா, ஆசனவாய் வழியே விடுவதா என்றே முடிவுசெய்ய முடியும். இதைத் தாளில் எழுதித் தரச் சொன்னால் ஏதோ சலுகை கேட்பவனைப் போலப் பார்க்கிறார்கள்.

கடைசியில் பணியிலிருந்த இளம் மருத்துவர், பதிவான படங்களைத் திரையில் தேடிப் பார்த்து, அதே தாளின் பின்புறம் தம் கையால் எழுதிக் கொடுத்தார்: மேல் சிறுகுடலில் 3 செ.மீ. பாலிப் எடுக்கப்பட்டது, அதற்கப்பால் சிறியவை மூன்று விடப்பட்டுள்ளன, குடலுக்குள் இடம் மையால் குறிக்கப்பட்டிருக்கிறது. கவுண்டரில் அதன்மேல் முத்திரை குத்த மறுத்துவிட்டார்கள். அச்சடித்த பக்கத்துக்கு மட்டும்தான் முத்திரையாம்.