மறியலா, சமுதாயஞ்சார் சீர்திருத்தமா?

“பொடியன் கஞ்சாவோடு பிடிபட்டிட்டான், மறியலுக்குப் (சிறைக்கு) போனால்தான் திருந்துவான்” என்று சொல்லும் பெற்றோரை யாழ்ப்பாணத்தில் நிறையக் காண்கிறேன். சிறு குற்றங்களுக்கு வேறு வழியும் உண்டு: 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை இடலாம், அதாவது மறியலுக்கு அனுப்பாமல், வீட்டில் இருந்தபடியே அலுவலர் ஒருவரின் மேற்பார்வையில் திருந்த விடலாம்.

செலவு
மறியல்: உழைப்பு நிற்கும். பார்க்கப் போகும் தாய்க்கு பஸ் காசோடு அன்றைய கூலியும் போகும்.
கட்டளை: சம்பளமில்லாத பொதுவேலை. மற்ற நாட்களில் கடலுக்கோ தோட்டத்துக்கோ போகலாம்.

துணை
மறியல்: வீட்டாரோடு கொஞ்சநேரப் பேச்சு, அதுவும் காவலர் பக்கத்தில் நிற்க. உள்ளே பிடிக்கும் புதுச் சிநேகிதம்தான் எனக்குப் பெரிய பயம்.
கட்டளை: மேற்பார்வைக்கு ஓர் அலுவலர், உளவள ஆலோசனை. இரவில் அம்மா அவித்த பிட்டைத் தம்பி தங்கச்சியோடு இருந்து சாப்பிடுவான். போதையை விட முயலும் பிள்ளைக்கு “சாப்பிட்டியா?” என்று கேட்க ஆள் வேணும்.

சிரமம்
கட்டளையில் வீட்டாருக்குப் பொறுப்புக் கூட. மீறினால் திரும்ப நீதிமன்றம்தான்.

வாளோடு திரிந்து ஆட்களை வெட்டுபவர் என்றால், சரி, வெட்டுப்பட்டவரின் பாதுகாப்புத்தான் முதலில், தடுத்துவைப்பதை மறுக்கமாட்டேன். போதைப் பழக்கம், முதல் தவறு என்றால் இந்தக் கட்டளையைத் தரும்படி நீதிமன்றத்தில் கேளுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லையா? சட்ட உதவி ஆணைக்குழு யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது.