ஏலம் நிற்காமல் ஸ்கீமா மாற்ற எந்த வழி?

கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏலம் சூடுபிடித்திருக்கும்போது சர்வரை ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னால் நான் பண்ண மாட்டேன். புதுச்சேரியில் உட்கார்ந்து, அந்த ஏல விலையை வியாபாரிகளின் போனுக்கு அனுப்பும் ஒரு சின்ன கிராஃப்க்யூஎல் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆப் தனக்கு வேண்டிய தகவலை மட்டும் பெயர் சொல்லிக் கேட்கும் முறை கிராஃப்க்யூஎல். எந்தெந்தத் தகவலை (ஃபீல்டை) கேட்கலாம் என்ற பட்டியல்தான் ஸ்கீமா. அந்த நேரத்தில் எல்லாரும் வெப்சாக்கெட்டில், அதாவது விலை வந்துகொண்டே இருக்கத் திறந்தே வைத்த இணைப்பில், இருப்பார்கள். படகுத்துறையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். ஒருதரம் அறுந்த இணைப்பு மறுபடி சேர்வதற்குள் நாலு கூடை வஞ்சிரம் கைமாறிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. நிம்மதியாகக் கைவைக்கத் தோதான காலம் அதுதான். ஆனால் "தம்பி, ஐஸ் செலவு தனியா தெரியணும்பா" என்று ஏலக்கார அண்ணன் கேட்பது எப்போதும் அக்டோபரில்தான். அந்த ஒரு ஃபீல்டுக்காக மூன்று வழிகளை வைத்துப் பார்த்தேன்.

முதலாவது, எல்லாரும் செய்வது: முன்னால் கோரிக்கைகளைப் பிரித்தனுப்பும் என்ஜின்எக்ஸ், பின்னால் சர்வர் நிரல் ஓடும் இரண்டு ப்ராசஸ், அவற்றை ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் பண்ணி மாற்றுவது. சாதாரணக் கோரிக்கைகளுக்கு இது அருமை, ஒருவருக்கும் தெரியாது. வெப்சாக்கெட் என்று வரும்போதுதான் சாயம் வெளுக்கிறது. ப்ராசஸ்களை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் பிஎம்2 என்ற கருவியின் ரீலோடில் பழைய ப்ராசஸுக்குக் கிடைக்கும் அவகாசம், நாம் மாற்றாவிட்டால், 1600 மில்லிசெகண்ட். அவகாசத்தைக் கூட்டலாம், ஆனால் இரண்டு மணி நேரம் திறந்தே இருக்கும் இணைப்புக்கு எவ்வளவு என்று கூட்டுவது?

இரண்டாவது, ப்ராசஸைத் தொடாமல் உள்ளே இருக்கும் ஸ்கீமாவை மட்டும் மாற்றுவது. பெயரைக் கேட்டால் மாயாஜாலம் போலிருக்கும், உள்ளே இருப்பது ஒரு வேரியபிள். கிராஃப்க்யூஎல் யோகா என்ற சர்வர் நூலகத்தில் ஸ்கீமா இருக்கும் இடத்தில் ஒரு ஃபங்ஷனையே கொடுக்கலாம். கோரிக்கை வரும்போது அது எந்த ஸ்கீமாவைத் தருகிறதோ அதுதான் செல்லும். ஓடுகிற ஸ்கீமாவைத் திறந்து ஃபீல்டைச் செருகப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அது வேண்டவே வேண்டாம். எக்ஸ்டெண்ட்ஸ்கீமா ஃபங்ஷன் பழையதைத் தொடாமல் புதிதாக ஒன்றைத் திருப்பித் தரும். அதைச் சரிபார்த்து, பிழை இல்லை என்றால் மட்டும் வேரியபிளை அதன் பக்கம் திருப்பினால் போதும். தப்பான ஸ்கீமா வந்தால் பழையதே ஓடிக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் முறையில் அதே தப்புக்கு ப்ராசஸ் எழுந்து எழுந்து விழும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

தொல்லைகளும் உண்டு. ஏற்கெனவே திறந்த சப்ஸ்கிரிப்ஷன்கள் (புது விலை வரும்போதெல்லாம் அனுப்பச் சொல்லிக் காத்திருக்கும் கோரிக்கைகள்) பழைய ஸ்கீமாவிலேயே ஓடும், அவை முடியும்வரை அதுவும் மெமரியில் இருக்கும். சரிபார்த்த க்வெரிகளை (கோரிக்கைகளை) நாமே கேஷில் சேமித்து வைத்திருந்தால், அதைத் தேடும் கீயில் ஸ்கீமாவின் பதிப்பு எண்ணும் இருக்க வேண்டும். நான் அதை மறந்து, 'அப்படி ஒரு ஃபீல்டே இல்லை' என்ற பழைய பிழை கேஷிலிருந்தே வருவது தெரியாமல் ஒரு மாலை முழுக்கத் தேடினேன். ப்ராசஸ் ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றுக்கும் செய்தி போக வேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் டேட்டாபேஸில் செய்தி கேட்கவும் அனுப்பவும் உள்ள லிசன், நோட்டிஃபை கட்டளைகள் அதற்குப் போதும். ஆனால் இணைப்பு அறுந்திருந்த நேரத்தில் வந்த அறிவிப்பை அது எடுத்துவைத்துத் தராது. அதனால் மறுபடி இணைந்தவுடன் பதிப்பு எண்ணைத் தானாகப் போய்ப் பார்க்கும்படி எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது, போஸ்ட்கிரெஸ்கியூஎல் மேலேயே ஓடும் போஸ்ட்கிரெஸ்ட் என்ற சர்வர். டேபிளைப் பார்த்து, ஆப் பேசும் வாசலான ஏபிஐயை அதுவே கட்டிக்கொள்ளும். டேபிளில் நெடுவரிசை (column) ஒன்றைச் சேர்த்து, ஒரு நோட்டிஃபை அனுப்பினால் ஸ்கீமா கேஷ் புதுப்பிக்கப்படும். டேபிள் மாறியதும் தானாக ஓடும் ஈவென்ட் டிரிக்கர் வைத்தால் அதையும் நாம் அனுப்ப வேண்டாம். உழைப்பு மிகக் குறைவு. ஆனால் ஏல விலையைத் தள்ளிவிட வெப்சாக்கெட் அதில் இல்லை. மாதாந்திரக் கணக்குப் பக்கத்துக்கு அதையே வைத்தேன், ஏலத்துக்கு வைக்கவில்லை.

எந்த வழியில் போனாலும் டேட்டாபேஸில் டேபிளை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை ஒரு கணம் முழுப் பூட்டு கேட்கும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 11 முதல் மாறாத டீஃபால்ட் மதிப்போடு நெடுவரிசை சேர்த்தால் டேபிள் முழுக்கத் திருப்பி எழுதப்படுவதில்லை. ஆனாலும் நீண்ட க்வெரி ஒன்று முன்னால் நின்றால் அந்தப் பூட்டுக்குப் பின்னால் எல்லாம் வரிசைகட்டும். பூட்டுக்குக் காத்திருக்கும் வரம்பான லாக் டைம்அவுட்டை இரண்டு செகண்ட் வைத்து, கிடைக்காவிட்டால் பிறகு முயலலாம்.

ஃபீல்டை எடுப்பதென்றால் மூன்றும் ஒன்றுதான், எதுவும் காப்பாற்றாது. வியாபாரிகளில் பாதிப் பேர் ஆப்பை அப்டேட் செய்வதே இல்லை. டெப்ரிகேட்டட் (இனிப் பயன்படுத்த வேண்டாம்) என்று குறித்துவிட்டு, எத்தனை பேர் இன்னும் கேட்கிறார்கள் என்று எண்ண வேண்டியதுதான். சேர்ப்பதிலும் எனம் (enum, குறித்த பெயர்களை மட்டும் ஏற்கும் வகை) கொஞ்சம் ஏமாற்றும்: மீன் வகையில் கணவாய் என்று ஒன்றைக் கூட்டினேன், அந்தப் பெயரை அறியாத பழைய ஆண்ட்ராய்டு ஆப் திறந்ததும் மூடிக்கொண்டது. அதிலிருந்து மீன் பெயரெல்லாம் வெறும் ஸ்ட்ரிங்.

இப்போது ஐஸ் செலவு போன்ற சேர்ப்புகள் ஏலம் நடக்கும்போதே இரண்டாவது வழியில் போகின்றன. ஃபீல்டுக்கு மதிப்பை எடுத்துத் தரும் ரிசால்வர் கோடே மாறினால் மட்டும், ஏலம் முடிந்து துறைமுகம் ஓய்ந்த மதியத்தில், முதல் வழி.