டாட்காட்டா, சி-ஜி-டி-ஜி-ஏ-டியா?

செல்டிக் மெட்டுகளை விரல்மீட்டலில் வாசிப்பவர்கள் கிட்டாருக்கு வைக்கும் சுருதிகளில் இவை இரண்டும் முக்கியமானவை. டாட்காட் என்பது டி-ஏ-டி-ஜி-ஏ-டி; இரு பெயர்களும் தடித்த 6ஆம் தந்தியிலிருந்து 1ஆம் தந்தி வரையான சுரங்கள். 1960களின் தொடக்கத்தில் ஆங்கிலேய கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் பரப்பியது டாட்காட். பிரெஞ்சு கிட்டார் கலைஞர் பியேர் பென்சூசான் 1978 முதல் அதை மட்டுமே வாசிக்கிறார். மற்றதை அமெரிக்க கிட்டார் கலைஞர் எல் மெக்மீன் தன் அடையாளமாக்கிக்கொண்டார்.

டாட்காட்டுக்கு, வழக்கமான சுருதியிலிருந்து 6, 2, 1ஆம் தந்திகளை ஒவ்வொரு முழுச்சுரம் (இரண்டு கட்டை அளவு) இறக்கினால் போதும். அங்கிருந்து 6, 5ஆம் தந்திகளை இன்னொரு முழுச்சுரம் இறக்கினால் மற்றது. 4 முதல் 1 வரையான தந்திகள் இரண்டிலும் ஒன்றே. அதனால் மெட்டு வாசிக்கும் விரல்கள் மாறுவதில்லை, கட்டைவிரலின் வேலைதான் மாறுகிறது. ஜி, ஏ என்ற 3, 2ஆம் தந்திகளைத் திறந்தபடி அடுத்தடுத்து மீட்டி ஒலிக்க விட்டால் யாழ் போலக் கலப்பதும் இரண்டிலும் உண்டு.

டி-யை ஆதாரசுரமாகக் கொண்ட மெட்டுகளுக்கு டாட்காட்தான். ஜி மெட்டு வந்தால் அதில் அடிச்சுரத்துக்கு 6ஆம் தந்தியின் 5ஆம் கட்டையை (ஃபிரெட்) பிடிக்க வேண்டும். இடது கை அங்கேயே மாட்டிக்கொள்ளும். சி-ஜி-டி-ஜி-ஏ-டியில் 5ஆம் தந்தி திறந்தபடியே ஜி.

இதற்கு விலை உண்டு. சி வரை இறங்கிய 0.053 அங்குலத் தந்தி தொளதொளத்து கட்டையில் அடித்து இரையும். 0.056 போடுங்கள். தந்தியை வேண்டிய சுருதிக்குக் கீழே கொண்டுபோய் மேலேற்றி நிறுத்துங்கள். இறக்கி நிறுத்தினால் இரண்டாம் மெட்டுக்குள் நழுவிவிடும்.

மேடைக்கு ஒரே கிட்டார் என்றால் டாட்காட்.