வெறுப்புப் பேச்சு: எதைத் தடுப்பது, எதை விடுவது? மூன்று வழிகளின் ஒப்பீடு

பாரதி 1908-இல் புதுச்சேரிக்கு வந்தது, ‘இந்தியா’ பத்திரிகை மீது பிரிட்டிஷ் அரசு எடுத்த நடவடிக்கையிலிருந்து தப்பிக்கத்தான். 1918 நவம்பரில் எல்லை தாண்டிக் கடலூர்ப் பக்கம் வந்ததும் பிடித்து உள்ளே வைத்தார்கள். அன்றைய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு (ராஜதுரோகம்) தண்டித்தது அரசின்மேல் வெறுப்பைத் தூண்டுவதை. வெறுப்பைத் தடுக்கிறோம் என்று சட்டம் சொன்னால், யாரைக் காப்பாற்ற என்று முதலில் கேட்பது நல்லது.

மனம் புண்பட்டாலே குற்றம்

இதற்குச் சரியான மாதிரி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ. இணையத்தில் அனுப்புவது எரிச்சல், அசௌகரியம் தந்தாலே குற்றம் என்றெல்லாம் அதில் இருந்தது. அளவுகோல் மட்டும் இல்லை. 2012-இல் அன்றைய ஒன்றிய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்வீட் போட்ட புதுச்சேரிக்காரர் ஒருவர் இந்தப் பிரிவில்தான் கைதானார். 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரிவையே ரத்து செய்தது. இந்த வழியில் புகார் கொடுக்கச் செல்வாக்குள்ளவர் முந்திக்கொள்வார். நிஜமாகவே அடிபடுகிறவர் ஸ்டேஷன் வாசலில் காத்திருப்பார்.

உடனடி வன்முறை வந்தால் மட்டும்

இது அமெரிக்க வழி. 1969-இன் பிராண்டன்பர்க் தீர்ப்புப்படி, உடனே சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும், அது நடக்கும் வாய்ப்பும் சேர்ந்திருந்தால்தான் குற்றம். ஆளுங்கட்சியைத் திட்டுகிறவருக்கு நல்ல கவசம். ஆனால் நம் ஊரில் சாதி வெறுப்புக்கு அவசரம் கிடையாது. ‘அந்தத் தெருக்காரனுக்கு டீ கொடுக்காதே’ என்ற பேச்சால் நாளைக்கே யார் மண்டையும் உடையாது. பத்து வருடம் ஒரு தெருவே ஒதுக்கப்படும்.

தூண்டுதலைப் பிடி, கருத்தை விடு

நம் சட்டம் போக முயல்வது இந்த வழி. ஸ்ரேயா சிங்கல் தீர்ப்பு விவாதம், ஆதரித்துப் பேசுதல், தூண்டுதல் என்று மூன்றாகப் பிரித்து, மூன்றாவதற்கு மட்டும் தடை போடலாம் என்றது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவு (பழைய சட்டத்தில் 153ஏ) சமூகங்களுக்கிடையே பகை வளர்ப்பதற்கு மூன்று ஆண்டு வரை சிறை தருகிறது. 1997-இன் பிலால் அகமது காலூ தீர்ப்புப்படி, குறைந்தது இரண்டு சமூகங்கள் அதில் சம்பந்தப்பட வேண்டும்.

தேர்த் திருவிழாவுக்கு முன்பு ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று ஆடியோ வருவதாக வைத்துக்கொள்வோம். ‘இந்தச் சடங்கே மூடத்தனம்’ என்பது கருத்து. கோபம் வந்தாலும் விட வேண்டியதுதான். ‘அந்தச் சாதிக்காரங்க கையால் வடம் தொடக் கூடாது’ என்பது பட்டியல் சாதியினரைக் குறித்தது என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பார்க்க வேண்டியது. ‘நாளைக்குத் தேர் திரும்பும்போது கட்டையோட வா’ என்பது நேரடித் தூண்டுதல். மூன்றுக்கும் ஒரே பிரிவைப் போடுவதுதான் வழக்கமான கோளாறு. முதலாமவர் உள்ளே போவார், மூன்றாமவர் ஜாமீனில் திரும்புவார்.

எனக்கு இந்த மூன்றாவது வழிதான் சரி. கூடவே வன்கொடுமைச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளும் வேண்டும்; அங்கே பொதுப் பார்வையில் இழிவுபடுத்துவதே காயம், கலவரம் வரக் காத்திருக்கத் தேவையில்லை. நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாத இடத்தில் பேசியது அதில் வராது என்று 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால், யார் யார் கேட்டார்கள் என்பதைப் புகாரிலேயே எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது வழியின் ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. 196-இல் நீதிமன்றம் வழக்கை ஏற்க அரசின் முன்அனுமதி வேண்டும். எஃப்ஐஆர் போடவோ கைது செய்யவோ அது வேண்டாம். அதனால் தீர்ப்புக்கு முன்பே தண்டனை முடிந்துவிடுகிறது. இதற்குத்தான் 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில், பேச்சு சார்ந்த இத்தகைய புகார்களில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3)-இன்படி டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்றது உச்ச நீதிமன்றம். வார்த்தையை எடைபோட வேண்டியது உறுதியான, நிதானமான மனிதரின் பார்வையில். எதற்கெடுத்தாலும் புண்படுகிறவரின் பார்வையில் அல்ல என்றும் சொன்னது.

புகார் கொடுப்பவர் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்ப வேண்டாம். அசல் ஆடியோ உள்ள போனை வைத்திருங்கள், ஃபார்வர்டு செய்து அழித்துவிடாதீர்கள்; புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) கேட்கும் மின்னணுச் சான்றிதழ் இல்லாமல் பிரதிகள் நிற்காது. ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)-இன்படி எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.