பத்திரமா, தலைக்கட்டு நோட்டா, மொய் நோட்டா, எச்சிலா? கிராமத்து வம்சாவளி தேடுகிறவர்களுக்கு ஓர் அலசல்

தாத்தாவின் அப்பா பெயர் வரை சொல்லிவிடுவோம். அதற்கு மேலே கேட்டால், "எல்லாம் தாது வருஷப் பஞ்சத்துல பொழைக்க வந்தவங்கதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 1876-78 பஞ்சத்தில் ஊர் ஊராக ஜனங்கள் இடம் பெயர்ந்தது உண்மை. ஆனால் எல்லாக் குடும்பமும் அந்த வருஷம்தான் கிளம்பியது என்றால், அதற்கு முன்னால் இந்த ஊர்களில் குடியிருந்தது யார்?

இந்த வரியைத் தாண்டிப் போக ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற விஏஓ, பள்ளிக்கூட வாத்தியார், சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே ராத்திரி பழைய பத்திரம் படிக்கிறவர், டர்பனிலிருந்து கொள்ளுப்பாட்டி ஊரைத் தேடி மெயில் போடுகிறவர் என்று பலவிதம். யாரும் இதற்குப் படித்துவிட்டு வந்தவர்கள் இல்லை, காசும் வாங்குவதில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தன் வழிதான் சரி என்று சாதிப்பார்கள். என்னைக் கேட்டால் எந்த வழியில் எவ்வளவு பழைய தாள் கிடைக்கிறது என்பதைவிட, அந்த வழியில் உங்களுக்கு உதவ வருகிற ஆள் "இது உங்க தாத்தா இல்லைங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடியவரா என்றுதான் பார்க்க வேண்டும். எனக்குப் பழக்கம் சிவகங்கைப் பக்கம், அதனால் அந்தப் பக்கத்து நடைமுறையை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பத்திரக்காரர்கள், அதாவது பழைய நிலப் பத்திரங்களை வைத்துத் தேடுகிறவர்கள். வறண்ட ஆட்கள். நீங்கள் குடும்பக் கதையை உருக்கமாக ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தி "சர்வே நம்பர் என்ன?" என்பார்கள். எனக்கு இவர்களைத்தான் ரொம்பப் பிடிக்கும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டால் பெரும்பாலான ஊர்களுக்கு 1970-களின் நடுப்பகுதி வரையாவது கிடைக்கும். அதற்கு முந்தையது இணையத்தில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, கையால் எழுதிய அட்டவணைப் புத்தகங்களில் தேடச் சொல்ல வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். எந்த அலுவலகம் என்பதே ஒரு குழப்பம், ஏனென்றால் 1985-ல் ராமநாதபுரம் மாவட்டம் மூன்றானது ஒருபக்கம், பதிவு எல்லைகள் அவ்வப்போது மாறியது இன்னொரு பக்கம். உங்கள் ஊர்ப் பழைய பத்திரம் நீங்கள் கேள்விப்படாத ஓர் ஊரின் அலுவலகத்தில் இருக்கலாம். அனுபவசாலி ஒருவர் கூட இருந்தால் இந்த அலைச்சல் பாதி மிச்சம்.

ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல் கையில் கிடைத்தால் அதை எப்படிப் படிப்பது என்று இவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நாம் நேராகச் சொத்து விவரத்துக்குப் போவோம், அவர்கள் நான்கு எல்லைக்குப் போவார்கள். "கருப்பன் புஞ்சைக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு வடக்கு, சின்னமூக்கன் வகையறா புஞ்சைக்கு மேற்கு" என்று இருக்கும். ஒரே துண்டாகக் கிடந்த நிலம் பங்கு பிரிந்து பிரிந்து வந்ததால், எல்லையில் வருகிற பெயர்களில் சிலராவது பங்காளியாக இருப்பார்கள். அந்தச் சின்னமூக்கன் பெயரில் தேடினால் அவர் பத்திரம் வரும், அதில் அவருடைய தகப்பனார் பெயர் வரும், இரண்டு பத்திரமும் மேலே போகப்போக ஒரே ஆளிடம் போய் நிற்கும். அப்புறம் பின்பக்கம். பதிவின்போது ஆளை அடையாளம் காட்டியவர்கள், சாட்சி போட்டவர்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள், பெரும்பாலும் மாமன் மச்சான்தான். ஜெராக்ஸ் எடுப்பவர் முன்பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பார், விடாதீர்கள்.

தேதியில் பசலி (ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு) என்று இருந்தால் 590-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1310 என்றால் 1900 ஜூலையில் தொடங்கிய வருஷம். கன்னியாகுமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு வரும், அதற்கு 825 கூட்டினால் ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதன் ஓட்டையைச் சொல்லாமல் விட முடியாது. நூறு ரூபாய்க்குக் கீழே உள்ள நில விற்பனையைப் பதிந்தே ஆகவேண்டும் என்று 1908 பதிவுச் சட்டம் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் நூறு ரூபாய் என்பது சின்னத் தொகையா? ஏழைச் சம்சாரியின் நிலம் வாய்ப்பேச்சிலும் வெள்ளைத் தாளிலும் கை மாறியிருக்கும். நிலமே இல்லாதவருக்குப் பத்திரம் ஏது? 1892-க்குப் பிறகு ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தின் பதிவுகளில் சில பெயர்கள் கிடைக்கலாம், அதோடு சரி. சிவகங்கை மாதிரி ஜமீன் பகுதி என்றால் இன்னொரு தடை. ஜமீன்தார் இல்லாமல் நேராக அரசாங்கத்துக்கு வரி கட்டிய ரயத்துவாரி ஊர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்து செட்டில்மென்ட் பதிவேடு இருக்கும், நமக்கோ 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகு தயாரான எஸ்எல்ஆர் என்கிற செட்டில்மென்ட் நிலப் பதிவேடுதான் பெரும்பாலும் அரசாங்கக் கணக்கில் முதல் ஆவணம். ரயத்துவாரிப் பகுதியான சீர்காழிக்காரர் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1800-களுக்குள் போய்விட்டேன் என்று சொல்வதைக் கேட்டு நீங்களும் ரயில் ஏறாதீர்கள்.

பெண்கள் விஷயத்தில் பத்திரம் கஞ்சன். பாகப்பிரிவினையில் மகள்கள் பெயரே இருக்காது. தமிழ்நாட்டில் பெண்ணுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு என்று சட்டம் திருந்தியதே 1989-ல்தான். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் பாட்டிகள் தலைகாட்டுவார்கள். தகப்பன் சின்ன வயதில் செத்துப்போன வீட்டில், "மைனர்கள் இருவருக்கும் தாயாரும் கார்டியனுமான காளியம்மாள்" என்று எழுதியிருக்கும். ஒரு பாட்டியின் பெயரைக் கண்டுபிடிக்க ஒரு சாவைத் தேட வேண்டியிருக்கிறது.

பத்திரத்துக்கு நேர் எதிர் குலதெய்வக் கோயில். இங்கே ஆட்கள் வறண்டவர்கள் இல்லை, அன்பாகப் பேசுவார்கள், சோறு போட்டு அனுப்புவார்கள், "நீங்க நம்ம பங்காளி, விட்டுப்போன வகையறா" என்று ஐந்து நிமிஷத்தில் உறவு சொல்லிவிடுவார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் ஆபத்து. இந்தப் பக்கம் உதவுகிறவர்களில் பலருக்கு எல்லாவற்றையும் ஒரு ராஜாவிடமோ பாளையக்காரரிடமோ கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று ஆசை. செப்பேடு இருக்கிறது என்பார்கள். எங்கே என்றால், இருந்தது என்பார்கள். வாட்ஸ்அப்பில் சாதிவாரியாக நடக்கிற வம்சாவளிக் குழுக்களில் இது இன்னும் அதிகம். சந்தேகம் கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

ஆனாலும் நான் கோயிலைத் தள்ளிவிட மாட்டேன், காரணம் தலைக்கட்டு நோட்டு. திருவிழாவுக்கு வரி வசூலிக்கும்போது கல்யாணமான ஆண் ஒவ்வொருவரையும் ஒரு தலைக்கட்டாக எழுதுவார்கள் அல்லவா, அந்த நோட்டு. பெட்டிக்குள் பூட்டிவைத்த பழைய நோட்டுகள் சில கோயில்களில் இன்னும் இருக்கின்றன. ஒரு திருவிழா நோட்டில் அப்பா பெயர் மட்டும், அடுத்ததில் அப்பாவும் புதிதாகக் கல்யாணமான மகனும், அதற்கடுத்ததில் அப்பா பெயர் அடித்திருக்கும். கல்யாணமும் சாவும் எந்த இரண்டு திருவிழாவுக்கு நடுவில் என்று தெரிந்துவிடும். வரி கட்டாமல் பாக்கி வைத்தவர், ஊரை விட்டுப் போனவர் என்பதும் ஓரத்தில் குறிப்பாக இருக்கும். கோயில் கதையை நம்பாமல் கோயில் கணக்கை நம்புங்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வேன். பணம் வசூலிக்க எழுதிய நோட்டில் பெருமைக்கு ஒரு தலைக்கட்டைச் சேர்த்து எழுத யாருக்கும் மனசு வராது.

மொய் நோட்டும் அதே ரகம், ஆனால் என் கணக்கில் அது இன்னும் ஒரு படி மேலே. தலைக்கட்டு நோட்டில் பங்காளிகள் மட்டும்தான், மொய் நோட்டில் சம்பந்தி, மாமன், அத்தை புருஷன், பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர் எல்லாம் வந்துவிடும். அம்மா வழி தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்லது ஒன்று கிடையாது. காதுகுத்தோ கல்யாணமோ, முதலில் தாய்மாமன் பெயர், பிறகு ஊர்வாரியாகப் பெயர்கள், பக்கத்தில் இரண்டு ரூபாய், ஒரு ரூபாய், அரைப்படி அரிசி. இனிஷியலோடு எழுதுகிற வழக்கம் இங்கே பெரிய உதவி. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற நம் பழக்கத்தில் கருப்பன் மகன் மூக்கன், மூக்கன் மகன் கருப்பன் என்று மாறி மாறி வந்துகொண்டே இருக்கும், எந்தக் கருப்பன் என்று பத்திரம் படிக்கிறவரே திணறுவார். மொய் நோட்டில் ஊர், இனிஷியல், சில சமயம் வீட்டுப் பட்டப்பெயர் என மூன்றும் இருப்பதால் பிரித்துவிடலாம்.

சக தேடல்காரர்களின் உதவி பளிச்சென்று தெரிகிற இடமும் இதுதான். என் வீட்டு நோட்டில் பக்கத்து ஊர்க்காரர் செய்த மொய் இருக்கும், அவர் வீட்டு நோட்டில் நாங்கள் திருப்பிச் செய்தது இருக்கும். இரண்டு பேரும் பக்கங்களைப் போட்டோ எடுத்துப் பரிமாறிக்கொண்டால் தேதி, உறவு எல்லாம் ஒன்றுக்கொன்று சாட்சி. பத்திரத்தில் இந்த வசதி இல்லை. ஒரே சிக்கல், மொய் நோட்டைக் காட்டுவது சிலருக்கு மானப் பிரச்சினை, யார் திருப்பிச் செய்யவில்லை என்பதும் அதில்தானே இருக்கிறது. தொகைப் பத்தியைக் காகிதம் வைத்து மறைத்துப் போட்டோ எடுங்கள் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் சம்மதிக்கிறார்கள். இன்னொரு சிக்கல் கரையான். 1950-களுக்கு முந்தைய நோட்டு கிடைப்பது அபூர்வம்.

கடல் தாண்டிப் போன குடும்பமாக இருந்தால் நிலைமை தலைகீழ். ஊரில் இருந்தவரைப் பற்றி ஒரு தாளும் இல்லை, கூலிக்குக் கப்பலேறியவரைப் பற்றி அங்க அடையாளம் வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். 1860-ல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை போனவர்களின் பட்டியல் இருக்கிறது: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர். மொரிஷியஸ் பதிவுகள் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன, சிலருக்குப் போட்டோவே உண்டு. பிஜிக்குத் தென்னிந்திய ஆட்கள் போகத் தொடங்கியது 1903-ல், அவர்களுக்கும் ஆள் விவரம் எழுதிய பயண பாஸ் உண்டு. ஆனால் மலேயா, இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி (கூலிக்கு ஆள் சேர்ப்பவர்) மூலம் போனவர்களுக்கு இந்த அளவு ஆள்வாரியான பதிவு எதிர்பார்க்காதீர்கள். இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பிய வீடுகளில் குடும்ப அட்டை கிடைக்கும், அதிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும்.

இந்த வழியின் உதவியாளர்கள் வெளிநாட்டு வாழ் தமிழர்கள், ஒழுங்கானவர்கள், எங்கே எடுத்தார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு வைத்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாதது ஊர். வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு வரைபடத்தில் தேடுவார்கள். நமக்கு வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும், புதுப்பட்டி என்றால் மட்டும் எந்தப் புதுப்பட்டி என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அவர்கள் பட்டியலில் தேடித்தர, நாம் ஊருக்குப் போய் விசாரித்துத்தர, இதுவரை நான் பார்த்ததில் நியாயமான கொடுக்கல் வாங்கல் இதுதான்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் பங்குக் கோயில் ஞானஸ்நானப் புத்தகம். அப்பா, அம்மா, ஞானப் பெற்றோர் என எல்லாப் பெயரும் ஒரே வரியில் இருக்கும். மதம் மாறிய தலைமுறையோடு அதுவும் நின்றுவிடும்.

கடைசியாக எச்சில் துப்பி அனுப்புகிற டிஎன்ஏ பரிசோதனை. இதன் ரசிகர்கள்தான் அதிகச் சத்தம் போடுகிறவர்கள். மூன்றாம் வழி உறவுக்காரர் (தாத்தாவின் தாத்தா பொதுவாக உள்ளவர்) ஒருவரோடு நமக்கு டிஎன்ஏவில் பொதுவாக இருப்பது சராசரியாக நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு, சிலரோடு சுத்தமாகத் தென்படாமலும் போகலாம். நம் வீடுகளில் அக்கா மகளையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டியிருக்கிறோம், அதனால் தூரத்து உறவெல்லாம் கிட்டத்து உறவு போலக் கணக்கு காட்டும். அமெரிக்காவில் போட்ட கணக்கு நம்மூர்க் கல்யாண முறைக்குப் பொருந்தாது. இதற்கு மேல், ஒப்பிட ஆள் வேண்டுமே. ஊரில் இருக்கிற பெரியப்பா மகன் துப்பி அனுப்பினால்தான் பொருத்தம் வரும், அவர் ஏன் அனுப்பப் போகிறார்? ஆண் வழியாக மட்டும் இறங்குகிற ஒய் குரோமோசோம் பரிசோதனை ஒன்றுக்கு உதவும்: இரண்டு ஊர்க்காரர்கள் பங்காளி என்று சொல்லிக்கொண்டால் அது பொய் என்று காட்டிவிடும். உண்மை என்று காட்டுவது கஷ்டம், ஏனென்றால் பொருத்தம் பல நூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டனால்கூட வந்திருக்கலாம். 2025 மார்ச்சில் இந்தப் பரிசோதனை செய்கிற ட்வென்டிதிரீஅண்ட்மீ (23andMe) நிறுவனம் திவால் மனு போட்டபோது, கொடுத்த மாதிரி யார் கைக்குப் போகும் என்று பலர் தவித்ததையும் நினைவில் வையுங்கள். கடல் கடந்த கிளை ஒன்றைத் தேடுகிறவர் செய்யலாம். ஊரிலேயே இருக்கிற குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஆக, யாராவது என்னிடம் வந்தால் நான் சொல்கிற வரிசை: வீட்டில் இருக்கிற பாட்டியிடம் பேச்சு, கையோடு பரணில் மொய் நோட்டு, பிறகு தலைக்கட்டு நோட்டு, இந்த மூன்றிலும் பெயர்கள் ஒத்துவந்த பிறகு பத்திரம். நிலம் இல்லாத குடும்பம் என்றால் பத்திரத்தின் இடத்தில் கப்பல் பட்டியல், ஞானஸ்நானப் புத்தகம், 1950-களுக்குப் பிந்தைய வாக்காளர் பட்டியல், இவற்றில் எது பொருந்துகிறதோ அது. டிஎன்ஏ ஆசை இருந்தால் எல்லாம் முடிந்த பிறகு.

உதவி கேட்கும்போது "எங்க வம்சாவளி கண்டுபிடிச்சுத் தர முடியுமா" என்று கேட்டால் எந்தப் பத்திரக்காரரும் பதில் போட மாட்டார். ஊர்ப் பெயர், 1985-க்கு முந்தைய தாலுகா, ஒரு சர்வே எண், ஓர் ஆளின் பெயர், அவர் அப்பா பெயர், ஏறத்தாழ எந்த வருஷம் என்று இரண்டு வரியில் எழுதுங்கள். உங்களிடம் இருக்கிற ஒரு பக்கத்தின் போட்டோவையும் சேர்த்து அனுப்புங்கள், பின்பக்கத்தையும்.