நெல்லித்தோப்பு ஜாவா பட்டறை: வேலை சுத்தம், தேதி மட்டும் கேட்காதீர்கள்

அப்பாவுடைய 1968 ஜாவா பைக் 11 வருஷமாக கடலூர் வீட்டுத் திண்ணையோரம் சாக்கு போர்த்திக் கிடந்தது. முதலில் தெருமுனை ஷெட்டுக்குத்தான் தள்ளிக்கொண்டு போனேன். அங்கிருந்த பையன் வலது பக்கம் குனிந்து தேடிவிட்டு, "கிக்கரைக் காணோமே சார், யாரோ கழட்டிட்டாங்க" என்றான். ஜாவாவில் கியர் லீவர்தான் கிக்கர். இடது பக்கம் இருக்கும், உள்ளே அமுக்கித் திருப்பினால் அதுவே உதைக்கிற கம்பி. சரி, இது இங்கே ஆகாது என்று டாடா ஏஸில் ஏற்றி, புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஜாவாவும், அதே வண்டி பிற்பாடு பேர் மாறி வந்த யெஸ்டியும் மட்டும் பார்க்கிற ஒரு அண்ணனிடம் கொண்டு போனேன்.

போர்டு கிடையாது, வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை. அண்ணன் யூரியா சாக்கை விரித்து அரை மணி நேரத்தில் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டார். வால்வு இல்லை, கேம் இல்லை. "இதுல இருக்கறதே இவ்ளோதான் தம்பி."

இந்த எளிமை ஜாவா கம்பெனி பட்டுத் தெரிந்துகொண்டது. ஜாவா என்றால் இந்தோனேசியத் தீவு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பிராகில் ஆயுதத் தொழிற்சாலை நடத்திய யானெச்செக் 1929இல் ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியிடம் 500 சிசி பைக் ஒன்றின் உரிமையை வாங்கினார். இரண்டு பெயரின் முதல் எழுத்துகளும் சேர்ந்து செக்காரர்கள் வாயில் 'யாவா', நம் வாயில் ஜாவா. அந்த பைக்கில் செயினுக்குப் பதில் ஷாஃப்ட், விலையோ எக்கச்சக்கம், அந்த நேரம் பார்த்து உலகமே பொருளாதார மந்தத்தில் விழுந்ததால் வாங்க ஆளில்லை. 1932இல் இங்கிலாந்தின் வில்லியர்ஸ் எஞ்சினைப் போட்டு 175 சிசியில் மலிவாக, வால்வு கேம் எதுவும் இல்லாத ஒரு டூ ஸ்ட்ரோக் பைக் விட்ட பிறகுதான் கம்பெனி தலைநிமிர்ந்தது. ஒற்றை ஆள் மரத்தடியில் உட்கார்ந்து சரிசெய்கிற மாதிரி என் வண்டி இருப்பது அந்தப் புத்தி வந்ததால்தான்.

கிளட்ச் விஷயத்தில் அண்ணன் கில்லாடி. ஜெர்மன்காரன் செக் நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது ஜாவா கம்பெனி திருட்டுத்தனமாக வடிவமைத்து 1946இல் வெளியே காட்டிய 250 சிசி பெராக் என்ற மாடலில், கியர் லீவரை மிதித்தாலே கிளட்ச் தானாக விடுபடும். மைசூரில் 1961இலிருந்து தயாரித்த நம்ம ஜாவாவிலும் அதே ஏற்பாடு உண்டு. பலர் அதைத் தப்பாக அட்ஜஸ்ட் செய்து கெடுத்து வைத்திருப்பார்கள். அண்ணன் வில்லியனூர் ரோட்டில் கிளட்சைத் தொடாமலேயே நாலு கியரும் மாற்றிக் காட்டினார், பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு குலுக்கல்கூடத் தெரியவில்லை. சைலன்சர் இரண்டையும் நெருப்பில் போட்டு கரியைத் தட்டியபோது கொட்டியது ஒரு சொம்பு இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. மூன்று வாரம் என்றவர் மூன்றரை மாதம் ஆக்கினார். போன் எடுக்க மாட்டார், பில்லும் கிடையாது. மைசூர் பேக்டரி 1996இலேயே மூடியாச்சு, பாகத்துக்கு எங்கே போவது என்பார், அதுவும் நியாயம்தான். கடைசியில் கழித்துக் கட்டிய யெஸ்டி ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டார். குரோம் முலாம் வெளியே கொடுத்த வேலை, உப்புக் காற்றில் இரண்டே மாதத்தில் ரிம்மில் புள்ளி விழுந்துவிட்டது. மொத்தம் 38,000 ரூபாய்.

போகிறவர்கள் காலை 10 மணிக்குள் போய்விடுங்கள். மதியம் போனால் கொட்டகை திறந்திருக்கும், அண்ணன் இருக்க மாட்டார்.