பூம்பாறை சாலையோரக் கடை மலைப்பூண்டு

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை போகும் வழியில் ஒரு சாலையோரக் கடையில் மலைப்பூண்டு வாங்கினேன். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு இது. வீட்டுக்காரருக்கு ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு என்று வந்ததிலிருந்து பூண்டு விஷயத்தில் எனக்கு அக்கறை அதிகம்.

பல் கெட்டியாக, மங்கலான மஞ்சளில் இருக்கிறது. நசுக்கியதும் காரம் கண்ணில் ஏறுகிறது. பத்து நிமிடம் அப்படியே விட்டு, அப்புறம்தான் ரசத்தில் போடுகிறேன். பூண்டின் காரத்துக்குக் காரணமான அல்லிசின் என்ற பொருள் உருவாக அந்த அவகாசம் வேண்டும். உடனே கொதிக்கவிட்டால் அதை உண்டாக்கும் நொதி செயலிழந்துவிடும். ரசத்துக்கும் பூண்டுக் குழம்புக்கும் இதை அடிக்க வேறு பூண்டு இல்லை.

கடைக்காரர், "ஒரே மாசத்துல கொழுப்பெல்லாம் கரைஞ்சிடும்மா" என்றார். அதை நான் ஏற்கவில்லை. ஈரானில் 90 நோயாளிகளை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வில், பூண்டுப்பொடி மாத்திரை எடுத்தவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு குறைந்தது, உண்மைதான். ஆனால் அது மாத்திரை, ரசம் இல்லை. எடையைக் குறைப்பதும் நடப்பதும்தான் முதல் வைத்தியம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் பூண்டு மாத்திரை பக்கமே போகாதீர்கள்.

விலை சாதாரணப் பூண்டைவிடக் கூடுதல். வாங்கும்போது பையின் அடிவரை கையை விட்டுப் பாருங்கள். எனக்குக் கொடுத்ததில் அடியில் சில முளைவிட்டிருந்தன.